நான்கு குடும்பம், ஒரு வீடு, ஐந்து நாள்: பிள்ளைகளுக்குக் கோடை முகாமை நாமே நடத்துவது எப்படி?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தெருமுனைச் சுவர்களில் கோடை முகாம் சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ரோபோட்டிக்ஸ், கீபோர்டு. காலையில் கொண்டுபோய் விட்டு மதியம் அழைத்துவர வேண்டும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாட்களில் இன்னொரு பள்ளிக்கூடத்தைத் திறந்து அதற்கு முகாம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம், அவ்வளவே. முகாம் என்றால் பிள்ளை இரவு தங்க வேண்டும். தன்னைவிட மூத்ததோடும் இளையதோடும் ஒரே கூடத்தில் படுத்து எழ வேண்டும். முக்கியமாக, அப்பா அம்மா அல்லாத ஒரு பெரியவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அமெரிக்கக் கோடை முகாம்களின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது 1861-இல் நடந்த ஒன்றை. கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடரிக் கன்னும் அவர் மனைவி அபிகாயிலும் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்தார்கள். படகு, மீன்பிடிப்பு, நடை. ஒரு தம்பதியும் ஊரார் பிள்ளைகளும், தேவைப்பட்டது அவ்வளவுதான்.

தங்கும் முகாமுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. அதற்கு ஒரு நல்ல மாற்று, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓரிடத்தில் தங்கி முகாமைத் தாங்களே நடத்திக்கொள்வது. ஆனால் நான்கு குடும்பங்கள் ஒரு வேனில் ஏறிவிட்டால் அது முகாமாகிவிடாது. ஒரே நாளில் ஏரி, அருவி, பூங்கா, கோயில், கடைவீதி என்று ஓடி, அவரவர் பிள்ளைக்கு அவரவரே ஊட்டிவிட்டு, இரவு அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அது சுற்றுலா. முகாமாக வேண்டுமென்றால் இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும்: ஓரிடத்தில் அசையாமல் இருப்பது, நம் பிள்ளையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, இன்னொருவர் பிள்ளைக்கு நாம் பொறுப்பேற்பது. இரண்டாவதுதான் கடினம். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைச் சுற்றியே இருக்கும்.

உதாரணத்துக்கு ஏலகிரியை எடுத்துக்கொள்கிறேன். கொல்லிமலையோ ஏற்காடோ உங்கள் சொந்த ஊர்த் தோப்பு வீடோ எதுவானாலும் முறை இதுதான்.

யாரோடு போவது

நெருங்கிய நண்பர்கள் என்பது மட்டும் போதாது. மூன்று விஷயங்களில் ஒத்துப்போகிறவர்களா என்று பாருங்கள்: பிள்ளைகளைக் கண்டிக்கும் முறை, சாப்பாட்டு வழக்கம், மது. கடைசியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லியே ஆக வேண்டும். இரவில் ஆண்கள் மொட்டை மாடியில் பாட்டிலோடு உட்கார்ந்துவிட்டால் முகாம் அங்கேயே முடிந்துபோகும். பிள்ளைகள் இருக்கும் ஐந்து நாட்களும் மது கிடையாது என்று முதல் பேச்சிலேயே வைத்துவிடுங்கள். ஒப்பாதவர் அப்போதே விலகிக்கொள்வார், இருவருக்கும் நல்லது.

நான்கு குடும்பம், ஏழெட்டுப் பிள்ளைகள் என்பது வசதியான அளவு. ஆறு பிள்ளைகளுக்குக் கீழே போனால் விளையாட்டு சேராது. பன்னிரண்டைத் தாண்டினால் சமையலும் எண்ணிக்கையுமே பெரியவர்களைத் தின்றுவிடும். வயது 6 முதல் 13 வரை கலந்திருக்கட்டும். எல்லோரும் ஒரே வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் பள்ளிச் சண்டைகளும் கூடவே மலையேறும். பெரியப்பா, சித்தி மக்கள் என்று உறவுக்குள்ளேயே செய்வதென்றாலும் வெளிக்குடும்பம் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் பழைய குடும்பக் கணக்குகள் எப்படியோ எட்டிப்பார்த்துவிடும். நடக்கத் தெம்புள்ள ஒரு தாத்தாவோ பாட்டியோ கூட வந்தால் விடாதீர்கள். மதிய வெயிலில் கதை சொல்ல அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

முன்கூட்டியே பேசவேண்டியவை

பயணத்துக்கு இரண்டரை மாதம் முன்பு பெரியவர்கள் மட்டும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசினால் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். முணுமுணுப்பு பிறகுதான் வரும்.

முதலில் பணம். குழுவில் கையிருப்புக் குறைந்த குடும்பம் எதுவோ, அதற்குக் கட்டுப்படியாகும் அளவில் மொத்தத் திட்டத்தையும் போடுங்கள். வசதியான குடும்பம் ‘மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது பெருந்தன்மைபோலத் தெரிந்தாலும் இன்னொரு குடும்பத்தை ஐந்து நாளும் குனியவைத்துவிடும். வீட்டு வாடகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கலாம். சாப்பாடு, வேன், இதர பொதுச் செலவைப் பங்கு முறையில் பிரியுங்கள்: பெரியவருக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு. 8 பெரியவர், 8 பிள்ளைகள் என்றால் 12 பங்கு. பொதுச் செலவு 48,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு 4,000. ஒரு பிள்ளை உள்ள குடும்பம் 10,000, இரண்டு உள்ள குடும்பம் 12,000, மூன்று உள்ளது 14,000. பணம் முழுவதும் முன்கூட்டியே ஒருவரிடம் சேரட்டும். மலைமேல் யாரும் தனியாகப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமோ பொம்மையோ வாங்கிக்கொடுக்கக் கூடாது. எட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பலூன் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து கண்டிப்பு. அடிப்பது கிடையாது, தன் பிள்ளையைக்கூட. அடுத்தவர் பிள்ளையைப் பலர் முன்னால் திட்டுவதும் கிடையாது. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிப்பது பற்றிப் பின்னால் சொல்கிறேன்; பிள்ளை தப்புச் செய்தால் அன்று அதன் குழுவுக்குப் பொறுப்பான பெரியவர் தனியே அழைத்துப் பேசுவார். பெற்றோர் குறுக்கே வரக் கூடாது. ‘என் பையனை அவர் எப்படிச் சொல்லலாம்’ என்ற எண்ணம் யாருக்காவது வரக்கூடும் என்று தோன்றினால் அதையும் இந்தப் பேச்சிலேயே எடுத்துவிடுங்கள்.

பிறகு கைபேசி. பிள்ளைகளுக்கு அறவே இல்லை. பெரியவர்களுக்குக் காலை அரைமணி, இரவு அரைமணி. மற்ற நேரம் எல்லாக் கைபேசிகளும் ஒரு டப்பாவுக்குள். அவசரத்துக்கு ஒன்று மட்டும் வெளியே இருக்கும். அதுவே படமெடுக்கவும் போதும். அலுவலக வேலையை மடிக்கணினியில் கூடவே கொண்டுவரும் அப்பாக்கள் அந்த வருடம் வராமலிருப்பதே மேல்.

இடமும் வீடும்

ஏலகிரியைப் பரிந்துரைக்கக் காரணங்கள் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், சின்னச் சின்னக் கிராமங்களோடு தட்டையாகப் பரந்து கிடக்கும் மலை அது. சென்னை, பெங்களூரு, சேலம், கோவை எங்கிருந்து வந்தாலும் ஜோலார்பேட்டை சந்திப்பில் இறங்கிவிடலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது; கோடையில் அங்கே நெரிசலும் சொல்லி மாளாது. ஏலகிரியில் ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். மே மாத நடுப்பகலில் வெயில் சுடத்தான் செய்யும். காலையும் மாலையும் இரவும் இதமாக இருக்கும். முகாமுக்கு வேண்டியது அதுதான். பார்த்தே ஆக வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை என்பதை அதன் குறையாகச் சொல்வார்கள். நமக்கு அது வசதி. ஓட வேண்டிய அவசியம் இல்லை.

விடுதியில் எட்டு அறை எடுப்பதைவிடச் சுற்றுச்சுவரோடு ஒரு தனி வீடு எடுங்கள். அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் பக்கங்களில் தோட்டத்தோடு வாடகை வீடுகள் கிடைக்கும். வீட்டுக்காரரிடம் பேசும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று ஆசையோடு கேட்பார்கள் பலர். குளத்துக்குப் பூட்டும் வேலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள். கிணறு இருந்தால் மூடி உண்டா? பதினாறு பேருக்குத் தண்ணீர் போதுமா, கோடையில் லாரித் தண்ணீரா? கழிப்பறை குறைந்தது நான்கு. சமைக்க அனுமதி, இரண்டு அடுப்பு, பெரிய பாத்திரங்கள். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் படுக்கும் அளவுக்கு ஒரு கூடம். கட்டில் அறைகள் எத்தனை என்பது பெரியவர்கள் கவலை. பிள்ளைகளுக்குப் பாயும் போர்வையும் கூடமும் போதும். விளக்கணைத்த பிறகு நடக்கும் குசுகுசுப் பேச்சுக்காகத்தான் அவர்கள் இந்த முகாமைப் பத்து வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பார்கள்.

தேதி, டிக்கெட், வண்டி

செவ்வாய்க்கிழமை ஏறிச் சனிக்கிழமை இறங்குங்கள். வாரநாட்களில் வாடகையும் கூட்டமும் குறைவு. சனிக்கிழமை ஊரே மலையேறும்போது நீங்கள் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். சனிக்கிழமைக்கு இன்னொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன். நாள்காட்டியைப் புரட்டி அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அமாவாசையில் பயணமா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். நட்சத்திரம் பார்க்க நிலா இல்லாத இரவு வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாத டிக்கெட்டுகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்குமேல் போட முடியாது என்பதால் பதினாறு பேருக்கு மூன்று டிக்கெட். மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பதிவுசெய்யுங்கள். 5 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. சென்னையிலிருந்து மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பெயருக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அது ஜோலார்பேட்டை சேரும்போது இரவாகிவிடும். தூங்கி விழும் பிள்ளைகளோடு இருட்டில் மலையேறுவதைவிடக் காலை ரயிலே நல்லது.

ஜோலார்பேட்டையிலிருந்து ஒரே வேன். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை பார்த்து வரிசையாக எழுதுவது பிள்ளைகளுக்கு முதல் போட்டியாக இருக்கட்டும். குனிந்து எழுதினால் வாந்தி வரும் பிள்ளைகள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதலாம். ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் பிள்ளைகளை முன்னிருக்கையில் உட்காரவைத்து, கையில் ஓர் எலுமிச்சம்பழமும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்துவிடுங்கள். வழியில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட் போடும் பழக்கத்துக்கு நம் வேனில் இடமில்லை.

குழுக்களும் பொறுப்புகளும்

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. இருபது பையன்களை நான்கு சிறு குழுக்களாகப் பிரித்து, ஓநாய், காளை என்று பெயர்வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கினார். நூறாண்டு கடந்தும் இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளை நான்கு நான்காக இரண்டு குழு ஆக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னது. பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். செம்போத்து, மரங்கொத்தி என்று மலையில் கண்ணில் படும் பறவையாக இருந்தால் நல்லது. ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பெரியவர்கள் பொறுப்பு. அவர்களுடைய சொந்தப் பிள்ளை அந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

இந்த விதியைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள். முதல் நாள் கஷ்டமாக இருக்கும். பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவரும். ‘உன் குழு மாமாவிடம் காட்டினாயா?’ என்று கேட்டுத் திருப்பியனுப்ப வேண்டும். எட்டு வயதுவரை ஊட்டிவிட்டுப் பழகிய தாய்க்கு, தன் மகள் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரிய தவம்தான். இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தப் பிள்ளை சந்தேகம் கேட்க, சண்டை தீர்க்க, தண்ணீர் கேட்க வேறொரு அத்தையைத் தேடிப்போகும். வீட்டில் கீரையைத் தொடாதது அங்கே தின்னும். காரணம் கேட்காதீர்கள், கேட்டால் நிறுத்திவிடும்.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும். தெரிந்ததாக இருந்தால் போதும், கலையாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய் உரிப்பது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, பொத்தான் தைப்பது, பல வகை முடிச்சுகள் போடுவது, திசைகாட்டி பார்ப்பது, தபால் அட்டையில் முகவரி எழுதுவது. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொன்ன ஒருவருக்கு ஐந்தாங்கல்லில் ஈடு இணை இருக்காது. கையில் வேலை இருக்கும் பாடமாகப் பாருங்கள். படம் காட்டி விளக்கும் உரைக்கு அங்கே வேலையில்லை.

சமையற்கட்டு

நான்கு அம்மாக்கள் ஐந்து நாளும் அடுப்படியில் நின்றுவிட்டு, அப்பாக்கள் பிள்ளைகளோடு மலையேறிவிட்டு வந்தால், அது அப்பாக்களின் முகாம். இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால் தானாக அப்படித்தான் ஆகும். யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உள்ளூரில் ஒரு சமையல்காரரை அமர்த்திக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரே ஆள் சொல்வார். காலையும் இரவும் சுழற்சி முறை: ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழுப் பிள்ளைகள். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, தட்டு வைப்பது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் பிள்ளைகள் பங்கு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரியவர் பக்கத்தில் நிற்க அடுப்பில் தோசை வார்க்கலாம்.

இட்லி மாவைச் சுமந்துபோகாதீர்கள். மே மாத வெயிலில் மலையடிவாரம் சேர்வதற்குள் பொங்கிவிடும். கோதுமை தோசை, ரவை உப்புமா, வெண்பொங்கல், சேமியா, சப்பாத்தி போதும். முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும். பதினாறு பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, சாம்பாருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் துவரம்பருப்பு. மலையேறி வந்த நாளில் அரைக் கிலோ அரிசி கூடுதலாகப் போடுங்கள். மளிகையை ஊரிலிருந்து கொண்டுபோங்கள், காய்கறியையும் பாலையும் அங்கே வாங்குங்கள்.

கோடையில் மலைமேல் பலாப்பழம் குவிந்து கிடக்கும். ஒரு முழுப் பழத்தை வாங்கி, கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவி, பிள்ளைகளையே சுளை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முற்பகல் முழுவதும் ஓடிவிடும். கொட்டைகளை இரவு சுட்டுத் தின்னலாம்.

நாளை எப்படி நிரப்புவது

அதிகம் நிரப்பாதீர்கள். காலை 6 முதல் 11 வரை ஒரு பெரிய காரியம், மாலை 4 முதல் 7 வரை விளையாட்டு. நடுவில் வெயில் நேரம் சும்மா. அந்தச் சும்மா நேரத்தைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள்; இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ‘பிள்ளைகளுக்குப் போரடிக்கிறதே’ என்று வினாடி வினா நடத்தக் கிளம்பிவிடுவார். போரடிக்கட்டும். முதல் அரைமணி புலம்புவார்கள். பிறகு தாயக்கட்டையோ பல்லாங்குழியோ தானாக வெளியே வரும், அல்லது கொய்யா மரத்தில் கடை வைப்பார்கள்.

முதல் நாள் மாலை வீட்டு எல்லையைச் சுற்றி நடந்து, எதுவரை போகலாம், எங்கே கேட்காமல் போகக் கூடாது என்று காட்டிவிட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு வரைபடம் போடட்டும். கிணறு, மாமரம், பக்கத்து வீட்டு நாய், கடை எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டாம் நாள் விடியலில் சுவாமிமலை. ஏலகிரியின் உயர்ந்த சிகரம், மங்கலத்திலிருந்து ஏறலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை உருண்டை, தொப்பி, மூடிய செருப்பு. ஒன்பது மணிக்குள் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்க வேண்டும். போவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா, வயது வரம்பு என்ன என்று பார்க்கலாம். மூடியிருந்தால் நிலாவூர்ப் பக்கம் கிராமச் சாலையில் நீண்ட நடை போங்கள். பிள்ளைகளுக்கு உச்சியைவிட வழியில் பார்த்த ஆட்டுக்குட்டிதான் பெரிது.

மூன்றாம் நாள் வீட்டிலேயே. பலாப்பழம், முடிச்சுகள், இலை சேகரிப்பு, மாலையில் ஏழு கல், பச்சைக் குதிரை, கிட்டிப்புள். கிட்டிப்புள்ளுக்குப் பெரியவர் ஒருவர் நின்றாக வேண்டும், கண் விவகாரம். நான்காம் நாள் காலை புங்கனூர் ஏரியில் படகு. உயிர்காப்பு அங்கி அணியாமல் ஒருவரும் ஏறக் கூடாது, நீச்சல் தெரிந்த அப்பாவும் சேர்த்து. அன்று முற்பகல் பெரிய பிள்ளைகளிடம் ஒரு பட்டியலும் 300 ரூபாயும் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். பெரியவர் ஒருவர் ஐம்பதடி பின்னால், வாய் திறக்காமல் போக வேண்டும். மீதிச் சில்லறையைக் கணக்கோடு திருப்பித்தர வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் கடை.

‘கேம்ப்ஃபயர்’ இல்லாமல் முகாமா என்று கேட்பார்கள். காய்ந்த புல்லில் நெருப்பு மூட்டவே கூடாது. வீட்டுக்காரர் சம்மதித்தால், மண் தரையில் ஓர் இரும்புச் சட்டியில் சிறியதாக, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு. காற்று வீசும் இரவானால் அதுவும் வேண்டாம். ஒரு அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தாலும் பேய்க்கதை அதே வீரியத்தோடுதான் வரும்.

இரவு வானம்

அமாவாசையை ஒட்டி வரச் சொன்னது இதற்குத்தான். மொட்டை மாடியில் பாய் விரித்து, எல்லா விளக்குகளையும் அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். தொலைநோக்கி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் ஜன்ம நட்சத்திரத்தையும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருங்கள். சாதகக் கட்டத்தில் மட்டும் கேள்விப்பட்ட பெயரை வானத்தில் ஒளியாகப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு வரும் கிளர்ச்சியே தனி. மே மாத நடுவில் இரவு எட்டு மணிக்கு மகம் தலைக்குமேல் சற்று மேற்கே சாய்ந்திருக்கும். கிழக்குப் பக்கம் உயரத்தில் செம்மஞ்சளாகப் பளிச்சென்று சுவாதி, அதற்குத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை. தென்கிழக்கு அடிவானத்தில் சிவப்பாகக் கேட்டை எழும்பிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிவாக்கில் நேர் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். வடக்கே சப்தரிஷி மண்டலம். அதில் வசிஷ்டரையும் அருந்ததியையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிகிறதா என்பது நல்ல கண் பரிசோதனை. கார்த்திகை, ரோகிணிக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். மே மாதத்தில் அவை சூரியனை ஒட்டியே சென்று மறைந்துவிடும். டிசம்பர் மாலையில் உங்கள் வீட்டு மாடியிலிருந்தே காட்டுவதாக வாக்குக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

பாதுகாப்பு

அடுத்தவர் பொறுப்பில் பிள்ளையை விடச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். மூடிய அறையில் எந்தப் பெரியவரும், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், அடுத்தவர் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. கூடத்தில் பிள்ளைகளோடு தினமும் இரண்டு பெரியவர்கள் படுக்க வேண்டும், இரு வேறு குடும்பத்திலிருந்து. சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது மட்டும் சொந்தப் பெற்றோர் வேலை. எது பிடிக்கவில்லையென்றாலும் உடனே அம்மா அப்பாவிடம் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள் என்று கிளம்புமுன் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். குழு விதி இதற்குக் குறுக்கே வராது. இந்த விதிகளை எல்லாப் பெரியவர்கள் முன்னாலும் வாய்விட்டுப் படியுங்கள். முகம் சுளிப்பவர் இருந்தால் அது உங்களுக்குத் தெரியவேண்டிய செய்தி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை, வழக்கமான மருந்து, இரத்த வகை, குழந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தின் அளவு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காயத்துக்கு மருந்து, பஞ்சு, வெப்பமானி. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் இரண்டு. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பெரிய சிகிச்சைக்குத் திருப்பத்தூர் இறங்க வேண்டும். அதனால் வேனோ காரோ ஒன்று ஓட்டுநரோடு எப்போதும் வீட்டில் நிற்கட்டும். ஆம்புலன்சுக்கு 108. இருட்டிய பிறகு டார்ச்சும் மூடிய செருப்பும் இல்லாமல் யாரும் முற்றத்தில் இறங்கக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்கு. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசி.

எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும், போய்ச் சேர்ந்தாலும் தலை எண்ணுங்கள். எண்ணும் வேலை ஒருவருக்கு மட்டும். நான்கு பேர் எண்ணினால் நான்கு விடை வரும்.

கடைசி இரவும் இறக்கமும்

வெள்ளி இரவு கலைநிகழ்ச்சி. பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியது, வகுப்பில் கற்றது எதையும் மேடையேற்றக் கூடாது; இல்லாவிட்டால் பெற்றோர்களின் போட்டியாகிவிடும். அந்த ஐந்து நாட்களில் நடந்ததை வைத்துக் குழுவாக ஒரு நாடகம் போடட்டும். பெரியவர்களின் நடை, குறட்டை, சமையல் எல்லாம் கிழிபடும். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பரிசு என்று தனியாள் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை வீட்டைப் பிள்ளைகளோடு கூட்டிப் பெருக்கி ஒப்படைத்துவிட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போங்கள். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். நேரமும் அந்த வார நிலவரமும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அந்தத் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். மாடியில் பாய்போட்டு வெறுங்கண்ணால் வானம் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த விவரங்கள் பாடப்புத்தகச் செய்தியாகத் தெரியாது. கேள்விகள் கேட்பார்கள், வழிகாட்டுபவரிடமே கேட்கவிடுங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

திரும்பும் ரயிலை இரவு நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கை ரயிலிலேயே முடித்துவிட வேண்டும்: செலவுச் சீட்டுகளைக் கூட்டி, மீதியைப் பங்குப்படி அங்கேயே திருப்பியனுப்பிவிடலாம். மிஞ்சிய மளிகை சமையல்காரருக்குப் போயிருக்க வேண்டும். படங்கள் எல்லாம் ஒரே கைபேசியில் இருப்பதால், அதை வைத்திருப்பவர் ஒரு வாரத்துக்குள் பகிர்ந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு இறங்கட்டும். அடுத்த வருடத்துக்கான முதல் பேச்சைப் பெரியவர்கள் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களாகக் கேட்டால் தேதி பாருங்கள்.